ஐந்தே முக்காலுக்கு வாசல் பார்க்கும் இறால்கள்

கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நிற்பாள் பீயுன். சாவி அவள் கையில்தான் இருக்கும். உள்ளே யாரும் குடியில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் மூன்று தட்டு. பிறகு, கதவுக்கு மட்டும் கேட்கிற குரலில், “நான் பீயுன். தூ குடும்பத்துப் பொண்ணு. மூணு மாசம் இருந்துட்டுப் போயிடுவேன். உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்பாள். அதன் பிறகே பூட்டில் சாவி நுழையும்.

கெட்ட சாவு விழுந்த வீடுகளில் குடியிருந்து பார்ப்பது அவள் தொழில். தைவானின் தைனான் நகரத்தில் அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மறைத்து விற்கவும் சட்டம் விடாது. வீட்டுக்காரர்கள் பீயுனைத்தான் தேடி வருவார்கள். மூன்று மாதம் அங்கேயே சமைத்து, துவைத்து, தூங்கி எழுந்து, “மனுஷங்க இருக்கலாம்” என்று அவள் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தெருவே நம்பும். இருபது வருஷத்தில் முப்பத்தோரு வீடுகள். பொய் சொன்னாள் என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. ஐம்பத்தேழு வயதாகிறது, தனக்கென்று ஒரு வாசல் மட்டும் கிடையாது.

இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்கள் தாயத்து, கேமரா, வெப்பமானி என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். பீயுன் கொண்டு வருவது ஓரடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று. “பேய் பிசாசெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரிஞ்சது இறால்தான். இருக்கற எடம் அதுக்கு ஒத்துப்போச்சுன்னா குட்டி போடும். ஒத்துப்போகலேன்னா போடாது. மனுஷன் மாதிரி பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கத் தெரியாது அதுக்கு.”

அவசரப்பட்டு அவள் இறாலை விட்டதே இல்லை. முதலில் கரிய மண்ணைப் பரப்பி, ஒரு மரத்துண்டில் பாசியை நூலால் கட்டி வைத்து, வெறும் தண்ணீரைச் சிறு மோட்டார் வைத்து ஒரு மாதம் அப்படியே சுற்றி ஓடவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒருநாள் முழுக்க ஆறப்போட்டுத்தான் ஊற்றுவாள். தண்ணீர் பழகிய பிறகு செக்கச்செவேலென்று பன்னிரண்டு இறால்கள் வரும், நகத்தளவு. அவற்றை ஒரு கிண்ணத்தில் விட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறு குழாய் வழியே, குளுகோஸ் ஏற்றுவது மாதிரி சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் சேர்ப்பாள். வீட்டில் ஊதுபத்தி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது. டெங்குவுக்குப் புகை அடிக்க ஆள் வருகிறது என்றால் தன் மூக்கை மூடுவதற்கு முன் தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி டேப் ஒட்டிவிடுவாள்.

பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு திட்டுத் தெரிந்தால் முட்டைக்கு அடையாளம், அவள் முகம் மலரும். சட்டை உரித்த அன்று ஆண்கள் எல்லாம் தலைகால் புரியாமல் தொட்டியைச் சுற்றும். மறுநாள் அதன் வயிற்றடியில் முட்டைகள் ஒட்டியிருக்கும். ஒரு மாதம் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். பிறகு பாசிக்குள் இமைமயிர் நுனி அளவில் குஞ்சுகள். அன்றைக்கு வீட்டுக்காரருக்குப் போன் போகும்.

முப்பத்திரண்டாவது வீடு கால்வாய்க்குப் பின்தெருவில், மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் வெங், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே வாடகைக்கு இருந்த வான்-ச்சென் என்ற நர்ஸ், போன குளிர்காலத்தில் குளிக்கப் போனவள், வெளியே வரவில்லை. கேஸில் எரியும் வெந்நீர் அடுப்பு பால்கனியில் இருந்தது. மழை அடிக்கிறதென்று பால்கனிக்கு வெங் கண்ணாடிச் சன்னல் போட்டிருந்தார். குளிருக்காக அவள் அதை இழுத்துச் சாத்தியதில், வெளியே போக வேண்டிய நச்சுப் புகை வீட்டுக்குள் திரும்பியது. இருபத்தாறு வயது.

பீயுன் போன அன்று மே மாத மழை. தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. வெங் முன்னாடியே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “வாங்கம்மா, நனையாதீங்க, உள்ள வாங்க” என்று பறந்தார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். தட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

அது உறைக்காமல் போனதற்கு அந்தச் சமையலறையும் காரணம். சன்னலைத் தொட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மாமரம். அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்தாள். கை வைக்கிற உயரத்தில் அலமாரி. இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. எந்த வீட்டிலும் அவளுக்கு அது வந்ததில்லை. வெங்கிடம் அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“நீங்க சரின்னு சொல்லிட்டா வேற யாருக்கும் காட்டவே மாட்டேன். உங்களுக்கே விட்டுடறேன், இருக்கற வரைக்கும் இருங்க” என்றார் அவர். “இல்லேன்னா நிலாக் கணக்குல ஏழாம் மாசம் பொறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. ஆவிங்க மாசத்துல எவனும் வீடு மாறமாட்டான். கீழ்க்கடைக்காரன் செருப்பு மூட்டை போட்டு வைக்கக் கேக்கறான், அவனுக்கே குடுத்துட்டுக் கதவ மூடிடறேன். என்னால இந்தப் படி ஏற முடியலம்மா.”

தண்ணீர் ஒரு மாதம் ஓடியது. இறால்களை விட்ட நாலாம் நாள்தான் பீயுன் அதைக் கவனித்தாள். மாலை ஐந்தே முக்காலுக்கு, பாசியை மேய்ந்துகொண்டிருந்த இறால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பன்னிரண்டும் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியை ஒட்டி வரிசையாக நின்றன. எதிரே வாசற்கதவு. மீசை கூட ஆடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கலைந்து மேயப் போய்விட்டன.

வெயில் படுகிறது என்று நினைத்துத் துணி போட்டு மூடினாள். மறுநாளும் அதே நேரம், அதே வரிசை. தொட்டியை அப்படியே திருப்பி வைத்தாள்; வாசல் பக்கம் வந்த கண்ணாடிக்கு மாறி நின்றன. அன்று அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. சாவு வீடுகளில் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தவள், முதன்முதலாகக் கதவுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தாள்.

ஒரு பெண் இறாலுக்கு முட்டை வந்தது. மூன்றாம் நாள் அத்தனையும் மண்ணில் சிதறிக் கிடந்தது. இன்னொன்றுக்கு வந்தது, அதுவும் உதிர்ந்தது. ஏழாம் மாதத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பீயுன் நேரே, வழக்கமாக இறால் வாங்குகிற ஆ-தெக்கின் அலங்கார மீன் கடைக்குப் போய், வயிற்றில் முட்டையோடு இரண்டு வேண்டும் என்றாள்.

ஆ-தெக் வலையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். “என்னக்கா இது? குட்டியா வாங்கிட்டுப் போயி தானா வளத்துக் காட்டுவீங்க. இப்பக் கடையில வாங்கின பிள்ளைய நம்ம வீட்டுப் பிள்ளைன்னு சொல்லப் போறீங்களா?”

“வாய மூடிட்டுப் பையக் கட்டுடா.”

“கட்டறேன், கட்டறேன். கூடவே தொட்டிலும் ஒண்ணு தரட்டுமா?”

அவள் சிரிக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. யாருக்குத் தெரியப்போகிறது, அந்தச் சமையலறை தனக்குக் கிடைத்தால் யாருக்கு நஷ்டம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுவிட்டு மணியைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்து நாலு. பன்னிரண்டும் இறங்கி வரிசை கட்டின. பைக்குள் இருந்த இரண்டும், அந்த வீட்டுத் தண்ணீரை இன்னும் தொடாத இரண்டும், பிளாஸ்டிக்கின் வாசல் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

பையை அவள் அவிழ்க்கவே இல்லை. காலையில் ஆ-தெக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. தட்டாமல் நுழைந்துவிட்டோமே! வீட்டுக்கு வந்ததும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, முறைப்படி தட்டி, பெயர் சொல்லி, உள்ளே போனாள். மாலையில் அதே வரிசை. மறுநாள் இன்னொரு முட்டைக் கொத்து மண்ணில் கிடந்தது. அவள் வெங்குக்குப் போன் செய்தாள்.

“அந்தப் பொண்ணு வேலை விட்டு எத்தன மணிக்கு வருவா?”

“ஆறுக்கு முன்னாடி. அஞ்சே முக்கால் இருக்கும். பகல் ட்யூட்டி. எதுக்கும்மா கேக்கறீங்க?”

“நான் காலம்பற பத்து மணிக்குத் தட்டியிருக்கேன் அண்ணே. அந்நேரத்துல வீட்டுல ஆளில்ல.”

அன்று ஐந்தரைக்கே படியிறங்கித் தெருமுனையில் நின்றாள். ஆறு மணிக்கு மேலே ஏறி வந்து மூன்று தட்டுத் தட்டினாள். “நான் பீயுன். தூ குடும்பத்துப் பொண்ணு. அன்னிக்குக் கேக்காம உள்ள வந்துட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா. உன் வீட்டுச் சமையக்கட்டு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.” பிறகு சாவியைப் போட்டாள்.

ஒரு வாரத்தில் ஒரு பெண் இறாலுக்கு முட்டை கட்டியது. உதிரவில்லை. ஆகஸ்ட் நடுவில், மிதந்துகொண்டிருந்த பாசித் துணுக்கு ஒன்றைப் பீயுன் உற்றுப் பார்க்க, அது காலெடுத்து நடந்தது, குஞ்சு. எண்ணிப் பார்த்தாள்: பதினெட்டு. சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குப் பெரியவை வாசலைப் பார்த்து நின்றன. அவற்றின் காலடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், பதினெட்டும் வந்து நின்றன.

ஏழாம் மாதம் பிறக்க இரண்டு நாள் இருந்தது. வெங் மூன்று மாடி ஏறி வந்து, தொட்டிக்கு முன் குத்தவைத்துக் குஞ்சுகளைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. “அப்ப சுத்தமாயிடுச்சு. வீடு காலி. அப்படித்தானேம்மா?”

ஆமாம் என்றால் போதும். வீடு அவளுடையது.

“காலி இல்ல அண்ணே” என்றாள் பீயுன். “மனுஷங்க இருக்கலாம். ஆனா ஆள் இருக்கு. செருப்பு மூட்டைக்குக் குடுக்கறதுன்னா குடுத்துடுங்க, நான் பொய் சொல்லமாட்டேன். எனக்கே விட்டீங்கன்னா, அந்தப் பொண்ணோடயே இருந்துக்கறேன்.”

வெங் எழுந்திருக்கவில்லை. “கோவமா இருக்காளா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

“வேலை முடிஞ்சு வர்ற பொண்ணு. அசதியா வருது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவர் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துத் தொட்டியின் மூடி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் அழுத சத்தம் கீழ்க்கடை வரை கேட்டது.

இப்போது தொட்டியில் நூறுக்கு மேல் இருக்கும், எண்ணுவதை விட்டுவிட்டாள். தினமும் ஐந்தரை மணியானால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போகிறாள். மழை சாய்வாக அடித்து, காய்கிற துணியெல்லாம் நனைகிற நாளிலும், கண்ணாடிச் சன்னலைக் கடைசி வரை இழுத்துத் திறந்து, அது தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு செங்கல்லை வைக்கிறாள்.