பாலத்துக்கு அந்தப் பக்கம் விசா இல்லை

நியூசிலாந்தின் ஆக்லாந்து லின்ஃபீல்டிலிருந்து நானும் மனைவியும் அயர்லாந்து போயிருந்தோம். இந்தியப் பாஸ்போர்ட், கையில் அயர்லாந்து விசா மட்டும். வாடகைக் காரில் குட்டிக் குட்டி ஊர்களாகச் சுற்றியபோது ஒரு சிறிய பாலத்தைக் கடந்தோம்.

"என்னங்க, இனிமே வேகம் மைல் கணக்குன்னு போர்டு போட்டிருக்கே?"

அயர்லாந்தில் கிலோமீட்டர் கணக்கு; மைல் என்றால் வட அயர்லாந்து. அதாவது பிரிட்டன்! நியூசிலாந்தில் எல்லை என்றால் கடல்தான். நனையாமல் நாடு மாறலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாடு கடத்திவிடுவார்களோ என்று அவசரமாகக் காரைத் திருப்பினேன். எதிரே போலீஸ் வண்டி. சட்டென்று குனிந்துகொண்டேன்.

"ஐயோ, ஆளில்லாம வண்டி ஓடுதுன்னே பிடிப்பாங்க. நிமிருங்க!"

போலீஸ்காரர் சிரித்துக் கையசைத்துப் போனார். பாலம் தாண்டிய பிறகே எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே வரைபடத்தில் எல்லைக்கோட்டைச் சிவப்புப் பேனாவால் தீட்டிவிடுகிறேன். வரைபடம் மனைவி மடியில். ஸ்டியரிங் மட்டும் என்னிடம்.