அம்சவள்ளி வாங்கிய மெயில்

பாகூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறை. கரும்பு போட்டிருந்த நிலத்தில் ஷெட் போட்டு ஆரம்பித்தவர் சாமிநாதன் முதலாளி. நான் அங்கே லோடு வண்டி ஓட்டுகிறேன், பெயர் சூசைநாதன். இது என் கதை இல்லை, அம்சவள்ளியின் கதை. ஆனாலும் நான் நடுவில் வராமல் சொல்ல முடியாது. நான் வந்ததால்தான் எல்லாம் கெட்டது.

அம்சவள்ளியின் அம்மா முதலாளியின் வயலில் நாற்று நட்டவர். அம்சவள்ளி பசை ஒட்டும் வேலைக்கு வந்து, தபால் வழியில் பி.காம். முடித்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி வைப்பாள். அதைப் பார்த்தால் நான் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

பட்டறைக்கு இருந்தது ஒரே ஒரு இலவச மெயில். அதன் பாஸ்வேர்டு காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கும். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மெயிலைத் திறந்து பார்த்து, வந்த சேதியை மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், திறந்ததும் எழுத்து மெலிந்துவிடும். மெலிந்த மெயிலை வேறு யாரும் தொட மாட்டோம். சொல்ல வேண்டியதை யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நம்பினோம்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, முதலில் வந்தவன் நான். சோப்புக் கம்பெனியின் மெயில் வந்திருந்தது. பெட்டியின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே லோடு ஏற்ற ஆள் கூப்பிட்டான். வந்து சொல்லலாம் என்று போனவன், சுத்தமாக மறந்துபோனேன்.

பழைய அளவிலேயே நாலாயிரம் பெட்டி அடித்தோம். அத்தனையும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆர்டர் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வேலையில் பாதி அவர்களுடையது.

"கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்துகினு இன்னாதான் பாக்குற?" என்று முதலாளி அம்சவள்ளியைப் பிடித்தார். "ஆடி முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி மறுபடியும் பசை ஒட்டப் போ."

"நான் தொறக்கல முதலாளி" என்றாள். பேனா மூடியிருந்தது. யார் திறந்தது என்று அவர் எங்கள் எல்லாரையும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அதைவிட வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலண்டரைக் கழற்றி பாஸ்வேர்டைக் கறுப்பு மையால் அடித்தாள். "ஒரே சாவிய பத்து பேரு வெச்சிருந்தா, கதவ யாரு தொறந்தான்னு எப்பிடித் தெரியும்? ஆளுக்கு ஒரு மெயில் வேணும்" என்றாள்.

மெயில் விற்க முதலில் வந்தவர் தவளக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவீன்குமார். வெப்சைட்டோடு மெயிலும் சேர்த்து, ஒரு வருஷம் இலவசம் என்றார். முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

"பட்டறை பேரு போட்ட வெப்சைட் அட்ரஸ் யாரு பேர்ல பதிவாவும்?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"என் பேர்லயே வெச்சிக்கிறேங்க்கா. உங்களுக்குத் தலவலி இல்ல."

"நீ நாளைக்கு துபாய் போய்ட்டா, எங்க பட்டறையும் ஒங்கூட துபாய்க்கு வருமா?"

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அட்ரஸைப் பட்டறையின் பெயரிலேயே அவள் பதிவு செய்தாள்.

பிறகு இரண்டு மெயில் கம்பெனிகளில் பதினைந்து நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்க வாங்கினாள். இரண்டுக்கும் ஒரே பரீட்சைதான். ஒரு மெயிலை வேண்டுமென்றே அழித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் உதவி கேட்டாள். பசை ஒட்டும் தேவியின் பழைய போனில் பெட்டியின் வரைபடம் திறக்கிறதா என்று பார்த்தாள். வந்த மெயிலை இன்னார் பொறுப்பு என்று பெயர் போட்டு ஒப்படைக்க முடிகிறதா, டெலிவரி தேதிகளை எல்லாரும் ஒரே காலண்டரில் பார்க்க முடிகிறதா என்றும் பார்த்தாள்.

முதல் கம்பெனியில் வீடியோ மீட்டிங், அது இது என்று கல்யாணப் பந்தி மாதிரி எல்லாம் இருந்தது. போனை எடுக்கத்தான் ஆள் இல்லை. "மெயில் வரலன்னா அவுங்களுக்கு மெயில் போடணுமாம்" என்று அவள் சொன்னதும் தேவி சிரித்த சிரிப்பில் பசை வாளி கவிழ்ந்தது. இரண்டாவது கம்பெனியில் ஒரு பெண் போனை எடுத்து, தமிழில் பேசி, அழித்த மெயிலை ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தாள். அது போதும் என்று அம்சவள்ளி முடிவு செய்தாள்.

முதலாளி விடவில்லை. "ஆளுக்கு ஒரு மெயிலு குடுத்தா, வேலைய வுட்டுப் போறவன் கஸ்டமரயும் கூட்டிகினு போவான்."

"போற அன்னைக்கே அவன் மெயில நாம பூட்டிடலாம் முதலாளி. உள்ள இருக்கிறது எல்லாம் நம்மகிட்டயே இருக்கும். இப்ப இருக்கிற மெயில பூட்ட முடியுமா? எத்தினி பேரு போன்ல இருக்குதுன்னு ஒங்களுக்காவது தெரியுமா?"

முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஐந்து பேருக்கு வாங்கச் சொன்னார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை, எல்லாரையும் மேசைக்கு முன்னால் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராக ஏற்றினாள். முதலாளி, தேவி. மூன்றாவதாக, "சோப்புக் கம்பெனி வாசல்ல லோடோட போய் நிக்கிறவன் நீதான் சூசண்ணே. ஒனக்கும் ஒண்ணு" என்று என் பெயரைத் தட்ட ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அம்சா, அந்த மெயில தொறந்தது நான்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஒரு மாசம்ணே. தெனம் என் மூஞ்சப் பாத்துகினுதான டீ குடிச்ச?"

"அவன் பேர எடு மொதல்ல" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"எடுக்க மாட்டேன் முதலாளி. எடுத்துட்டா இவரு மறுபடியும் யாரோ ஒருத்தரா பூடுவாரு." மீதி எழுத்துகளையும் தட்டி முடித்தாள். என்னிடம் அன்று வேறொன்றும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து சோப்புக் கம்பெனி மறுபடியும் அளவை மாற்றி மெயில் அனுப்பியது. அவள் அதை எனக்கே ஒப்படைத்தாள். அதன் மேல் என் பெயர் இருந்தது. ஏற்றிய லோடை அப்படியே நிறுத்திவிட்டு, மெஷினை அணைக்கச் சொல்லி, புது அளவை ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து அவள் முன்னால் நின்றேன்.

"சொல்லிட்டேன் அம்சா."

"எங்கிட்ட சொல்லாத. ஒம் பேரு போட்ட மெயில்லயே முடிஞ்சிதுன்னு போடு" என்றாள், மூடியிருந்த பேனாவைத் திறந்தபடியே.