சுவரில் கீறிய கோடு

மண்ணச்சநல்லூரில் எங்கள் கூட்டுக் குடும்ப வீட்டின் தெருச்சுவருக்குத் தேர்தலுக்காக வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பும் வஜ்ஜிரப் பசையும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும், பாவாடை கட்டிய வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது நடந்த சட்டமன்றத் தேர்தலில் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா எதிர்க்கட்சி. சுவர் முழுக்கத் தன் கட்சிச் சின்னத்தை வரைய அப்பா ஆள் கூட்டி வந்தார்.

"பாதி என் பங்குண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா ஒரு பெரிய ஆணியை எடுத்து, காரை உதிர உதிர, நட்டநடுவே கோடு கிழித்தார். "இனிமே உன் பாதியிலேயே உலை வச்சுக்கடா."

அன்று சாயங்காலமே சித்தி தனியாக அடுப்பு மூட்டினாள். ரைஸ்மில்லிலிருந்து வரும் அவித்த நெல் வாசனையையும் மீறிச் சித்தியின் குழம்பு மணந்தது. அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பேசவே இல்லை. அப்பா செத்தபோதுகூடச் சித்தப்பா தெருவில்தான் நின்றார்.

இந்தத் தேர்தலில் அந்த இரண்டு கட்சியும் கூட்டணி.

"சுவர் முழுக்க ஒரே சின்னம்தாங்க. இந்தக் கோட்டப் பூசி மூடிடவா?" என்று பெயின்டர் கேட்டார்.

சித்தப்பா தடியை ஊன்றி வந்து கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"அத மட்டும் விட்டுடுப்பா. எங்க அண்ணன் போட்டது."