அக்காவுக்குத் தெரியாமல் முளைத்த பார்லி

இந்த நாட்டு வீடுகளில் ஓர் அலுமாரி இருக்கிறது. அதற்குப் பெயர் ஹொட் பிரஸ். சுடுதண்ணீர்த் தாங்கியை உள்ளே வைத்து, அதைச் சுற்றித் தட்டு அடித்து, துவைத்துக் காய்ந்த துணிகளை அதில் அடுக்கிச் சூடாக வைத்திருப்பார்கள். மனிதர் குளிரில் நடுங்குவது போதாதென்று துவாய்க்கும் குளிருமாம். வந்த புதிதில் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் ஊர் பழுகாமத்தில் ஒரு கொடி கட்டினால் அரை மணித்தியாலத்தில் சாரம் அப்பளம் போலக் காய்ந்துவிடும். இங்கே சூரியனுக்குப் பதிலாக அலுமாரி. போன மாசி மாதம் அந்த அலுமாரிக்குள் ஒரு சாக்குப் பார்லியை நனைத்துக் கட்டி, மேலே இரண்டு கல்லைப் பாரமாக வைத்தேன். நாலாம் நாள் என் மனிசன் போட்டுக்கொண்டு போன சட்டை புளித்த கஞ்சி மணந்தது. அவருக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. எந்தச் சாமான் பழுதாகிவிட்டது என்று இரண்டு பேர் குளிர்பெட்டி முழுவதையும் இறக்கித் தேடினார்களாம். இவரும் வாயைத் திறக்காமல் அவர்களோடு சேர்ந்து தேடியிருக்கிறார்.

பார்லியை ஏன் நனைத்தேன் என்று சொல்லவேண்டும். அயர்லாந்தின் தெற்கே நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரி நோரா. பாடசாலை பஸ் ஓட்டுகிறவள். அந்தப் பாடசாலையைத்தான் நான் துப்புரவு செய்கிறேன். என் வயதுதான், வாய் என்னைவிட நீளம். தன் கொட்டிலில் அவள் ஸ்டவுட் காய்ச்சுவாள். ஸ்டவுட் என்றால் கறுப்புப் பியர். நம் ஊரில் தெரிந்த இனிப்புக் கறுப்புப் பியர் இல்லை. இது கசப்பு, இனிப்பே கிடையாது, கருக வறுத்த பார்லியின் வாசம். என் மனிசனின் பிறந்தநாளுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் அதை வீட்டில் காய்ச்சுவதற்கான தூளும் வாளியும் அடங்கிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் வாளியைக்கூடச் சரியாகக் கழுவாமல் தூளைக் கரைத்து வைத்தார். மேலே பூஞ்சணம் பூத்தது. அதை நான் பின்வளவில் ஊற்றிக்கொண்டு நின்றபோது நோரா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மனம் விடாதே. இது உங்களுக்கு வராது. இதற்குத் தானியத்தோடு வளர்ந்திருக்கவேண்டும்."

தானியத்தோடு! எங்கள் அப்பாவுக்குப் பழுகாமத்து வட்டையில் நாலு ஏக்கர் வயல். விதைப்புக் காலம் வந்தால் நெல்லைச் சாக்கோடு தண்ணீரில் அமிழ்த்தி, எடுத்து வடியவிட்டு, குவித்து மூடிப் பாரம் வைத்து, வெள்ளை முனை எட்டிப் பார்க்கிற நேரத்துக்குப் பிரித்து விதைப்போம். அந்தச் சூட்டைக் கைவைத்துப் பார்த்து, இன்றைக்கா நாளைக்கா என்று சொல்வது என் அக்காவின் வேலை. சாக்குச் சுமப்பது என் வேலை. முளைக்க வைத்த பார்லியில்தான் பியர் என்று நோராவே ஒருநாள் சொல்லியிருந்தாள். ஆகவே பெட்டியும் வேண்டாம், தூளும் வேண்டாம், பச்சைப் பார்லியிலிருந்து தொடங்குகிறேன் என்று முடிவெடுத்தேன். ஆசையில் இல்லை, கோபத்தில். நான் குடிக்கிறவளும் இல்லை.

குடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அக்காவின் புருசன் களவாக வடிக்கிற கசிப்புச் சாராயம் குடித்து ஈரல் போய் முப்பத்தெட்டு வயதில் செத்தார். சாகும்வரை அக்காவுக்கு அடித்தார். செத்த மனிதரைப் பற்றி நல்லதாகச் சொல்லவேண்டும் என்பார்கள், எனக்கு அது வராது. அந்த வருடம் ஊர்ப் பெண்கள் இருபது பேர் விடியப்புறம் தோணி எடுத்துக்கொண்டு வாவிக்கு அப்பால் கண்டல் காட்டுக்குப் போனோம். அங்கே சேற்றில் புதைத்து வைத்திருந்த கோடாப் பீப்பாக்களை, அதுதான் கசிப்பு வடிப்பதற்காகப் புளிக்கவிடும் சரக்கை, கோடரியால் கொத்திக் கவிழ்த்தோம். முதல் கொத்து அக்கா கொத்தியது. திரும்பி வரும்போது என் தாடையைப் பிடித்து, "நம்மட வீட்டுக்குள்ள இந்தச் சனியன் இனி வரப்படா, சொல்லுகா" என்றாள். சொன்னேன். அக்கா இன்றைக்கும் அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் பேசாமல் விட்டால் எனக்கு ஊர் இல்லை. இது தெரிந்துகொண்டுதான் பார்லியை நனைத்தேன்.

இன்னும் வெட்கக்கேடு என்னவென்றால், முளை வரவில்லை என்று போன் எடுத்து அக்காவிடமே கேட்டேன்.

"அங்க என்னத்தகா விதைக்கிறாய்?" என்றாள்.

"பார்லி. கொஞ்சக் காணிதான்," என்றேன். பொய் தானாக வந்தது.

"சூடு காணாது. இன்னும் மூடு. வைக்கல் இரிக்கா?"

வைக்கோலுக்குப் பதிலாகப் போர்வையால் மூடினேன். இன்னும் புளித்தது. பார்லி குளிர்நாட்டுத் தானியம், அதற்குச் சூடு ஆகாது என்று பிறகுதான் விளங்கியது. இரண்டாவது சாக்குப் பார்லியை எங்கள் கொட்டில் நிலத்தில் பரப்பி, நான் கம்பளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு ஒருநாளைக்கு மூன்று தரம் பிரட்டினேன். ஐந்தாம் நாள் சாக்கு முழுவதும் முளை. எனக்கு விறைத்த குளிர் அதற்குச் சுகமாக இருந்திருக்கிறது. முளைத்ததை மெல்லிய சூட்டில் காயவைத்தேன். முளைக்காத பார்லியில் ஒரு பங்கை எடுத்து, கோப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி இரும்புச் சட்டியில் கறுக்க வறுத்தேன். அந்த வேலையில் எவரும் எனக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை.

பிழை அடுத்த படியில் நடந்தது. நெல்லுக் குத்துகிற வீட்டில் பிறந்தவள் ஒரு தானியத்தை உடைத்தால் அடுத்து என்ன செய்வாள்? புடைப்பாள். ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த சுளகு இருந்தது, இந்த ஊரில் காற்றுக்கும் பஞ்சமில்லை. முளைப் பார்லியை உடைத்து, பின்வளவில் நின்று, ஓர் உமிகூட இல்லாமல் புடைத்தேன். அவ்வளவு சுத்தம். பிறகு வறுத்ததையும் சேர்த்துச் சுடுதண்ணீரோடு வாளியில் கரைத்து, மூடி, ஒரு மணித்தியாலம் விட்டு, அடியிலிருந்த குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே முழுவதும் களியாக இறுகிக் கிடந்தது. மனிசன் அகப்பையை விட்டுக் கிண்டினார். அகப்பை முறிந்தது.

"இதைப் பனங்கட்டி போட்டுத் தின்னுவம்," என்றார்.

"வாயப் பொத்திக்கொண்டு வாளியப் பிடிங்க," என்றேன்.

அந்த நேரம் பார்த்து நோரா ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விரிப்பு முழுவதும் உமி. நான் புடைத்ததெல்லாம் அவளுடைய கொடியில்தான் போய் இறங்கியிருக்கிறது. சண்டைக்கு வந்தவள் வாளியை எட்டிப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள், என் சுளகைப் பார்த்தாள். பிறகு படியில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள்.

"எதற்கு உமியை எறிந்தாய்?"

"உமியை யார் தின்பார்கள்?"

"தின்பதற்கு இல்லை. அதுதான் வடி. உமி அடியில் படிந்தால்தான் அதற்குள்ளால் தண்ணீர் இறங்கும். நீ சல்லடையைக் காற்றில் பறக்கவிட்டிருக்கிறாய்."

தன் கொட்டிலுக்குப் போய் ஒரு பை கொண்டுவந்தாள். நல்ல தடித்த பை, வாயில் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்தது. உள்ளே நெல் உமி. கடையில் விற்கிறார்கள், இப்படி இறுகிவிட்டால் கலப்பதற்கென்றே. எங்கள் ஊரில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் ஆலைகளுக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்து கிடக்கும், அள்ளிக்கொண்டு போங்கள் என்று கும்பிடுவார்கள், செங்கல் சூளைக்காரன்தான் எடுப்பான். அதற்கு இங்கே சிப் வைத்த பை! எனக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சிரிப்பாகப் போய்விட்டது. இரண்டு கை அள்ளிக் கலந்தோம். கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து கறுத்த இனிப்புத் தண்ணீர் நூல் போல இறங்கியது. அதை ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவோடு காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் கொட்டிலைத் திறந்தேன். வாளி கொப்பளித்துக்கொண்டிருந்தது. மணம் என் முகத்தில் அடித்தது. கோடா. அதே மணம். சேறும் கண்டலும் மட்டும்தான் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கோடரியோடு போனவள் நான், இப்போது வாளிக்குக் காவல் நிற்கிறவளும் நான்.

அதற்குள் ஊரில் என் வயல் பெரிதாகிவிட்டது. சங்கக் கூட்டத்தில் "என்ட தங்கச்சி வெள்ளைக்காரன்ட காணியில வேளாண்மை செய்யிறாள்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். வயலைக் காட்டு என்று வீடியோவில் கேட்டாள். தெரு ஓரத்தில் யாரோ ஒரு பண்ணைக்காரனின் பார்லி பச்சையாக முளைத்து நின்றது. அதைக் காட்டினேன். "புல்லு ஒண்டும் காணல்ல. நல்லாப் பாத்திரிக்காய் புள்ள," என்றாள். அந்த "புள்ள" என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. பியரைப் போத்தல்களில் அடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் வயல் ஒண்டும் செய்யல்ல. பியர் காய்ச்சினன்."

"என்ன காய்ச்சினாய்?"

"பியர்."

போனை மேசையில் குப்புற வைத்தாள். திரை கறுத்தது. காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அதன்பின் இரண்டு கிழமை நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்தாள், பதில் போடவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

போத்தல்களை நிலத்தில் ஊற்றிவிடுவதென்று வளவில் அடுக்கினேன். நோரா வேலிக்கு வந்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"அவளுடைய சமயத்தில் தடையா?"

"சமயம் இல்லை. புருசன்."

நோரா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு போத்தலை எடுத்தாள். "என் அப்பாவும்தான்," என்றாள். "ஊற்றுவதென்றால் ஊற்று. நான் போத்தல் திறந்து தருகிறேன்." குடிப்பதை இங்கே அழகாகச் செய்கிறார்கள், நம் ஊரில்தான் அசிங்கம் என்று எழுதுகிறவர்களை நானும் வாசித்திருக்கிறேன். பொய். அடிக்கிறவன் எல்லா நாட்டிலும் அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊற்றுகிறேன் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அக்காவே கூப்பிட்டாள்.

"நீ குடிச்சியா?"

"இல்லகா. நாக்கிலயும் வைக்கல்ல."

"பிறகு என்ன கோதாரிக்குக் காய்ச்சினாய்?"

"பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், தானியத்தோட வளந்த ஆக்களுக்குத்தான் இது வருமாம். எங்களுக்கு வராதாம்."

"ஆரைப் பாத்து? உன்னைப் பாத்தா?"

"ஓம்."

"நாலு ஏக்கருக்கு முளை வெச்ச ஆக்களைப் பாத்தா? நீ என்ன சொன்னாய்?"

"ஒண்டும் சொல்லல்ல. காய்ச்சினன்."

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். அக்கா சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் கேட்கும். "உமியைப் புடைச்சு அவள்ட சீலையில விட்டியாமே?"

"ஆர் சொன்ன?"

"உன்ட மனிசன்தான். மூண்டு நாளா எனக்குப் போன் அடிச்சு அழுகிறார், நீ ஊத்தப்போறாயாம் எண்டு." பிறகு குரலை இறுக்கினாள். "கேள். வரப்படாதெண்டு சொன்னவள் நான். மாத்திறதும் நான்தான். நீ தொடப்படா. ஆளுக்கு ஒரு கிளாசுக்கு மேல குடுக்கப்படா. எனக்கு முன்னாலதான் ஊத்தணும்."

"உனக்கு முன்னாலயெண்டா?"

"போனை நட்டு வெச்சிட்டு ஊத்துகா!"

அப்படியே ஞாயிறு மத்தியானம் வளவில் மேசை போட்டு, உப்புப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தேன். ஒரு பக்கம் நோரா, மறுபக்கம் மாப்பிள்ளை மாதிரிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்த என் மனிசன். ஊற்றினேன். கறுப்பு, மேலே பால் ஆடை மாதிரி நுரை.

"தார் மாதிரி இரிக்கு. இதையா குடிக்கப்போகுதுகள்?" என்றாள் அக்கா.

நோரா கிளாசைப் போனுக்கு நேரே உயர்த்தி, "ஸ்லான்ஷ," என்றாள்.

"என்னவாம்?"

"உனக்குச் சுகம் வரட்டுமாம்."

"குடிச்சிட்டுச் சொல்லுறாளா, குடிக்க முன்னமா?"

"முன்னம்தான்."

"அப்ப சரி. குடிக்கச் சொல்லு."

நோரா குடித்தாள். மேல் உதட்டு நுரையைத் துடைத்துவிட்டு, "நொட் பாட்," என்றாள். மோசமில்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டே கிடையாது என்று மனிசன் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கிளாசை ஒரே இழுப்பில் முடித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, இன்னொன்று கேட்காமல் கீழே வைத்தார்.

திரை முழுவதும் அக்கா இருந்தாள். அவளுக்குப் பின்னால் வாவி இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வளவில் இன்னும் நல்ல வெயில். திரையின் மூலையில் நகத்தளவு சதுரத்துக்குள் நோராவின் தோளும் கறுத்த கிளாசும் நடுவில் நானும் தெரிந்தோம். அக்கா வேறு எவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெறுங்கைகள் இரண்டையும் அவளுக்குத் தெரியும்படி மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.