அகலம் கேட்ட ஷஹீன் பானு

எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையான ஷஹீன் பானு ஆபா ஆம்பூரில் ரயில் ஏறிவிட்டால் பெட்டியில் யாரும் தூங்க முடியாது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் அளவுப் பிரிவில் அவருக்கு வேலை. பதனிட்ட தோலை மெஷினில் விட்டு, எத்தனை சதுர அடி என்று பார்த்து, அதன் பின்பக்கம் நம்பர் போட வேண்டும். மற்ற நேரமெல்லாம் ரயில் சாதனைகளைப் பற்றிய பேச்சுதான். வாலாஜா ரோட்டில் இறங்கும்போது தினமும் சொல்வார்: "தென்னிந்தியாவோட மொத ரயிலு ராயபுரத்துலேர்ந்து இங்கதாம்மா வந்து நின்னுச்சு. மரியாதையா எறங்கு."

இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பி, நானும் அவருடைய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைக் கேட்டேன். எத்தனையோ ஸ்டேஷன்களில் படுத்து எழுந்திருக்கிறேன். மரியாதையாக இறங்கியது அன்றுதான்.

ஆபாவுக்கு ஒரே ஆசை. நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் ஒருமுறையாவது ஏற வேண்டும். அசாமில் கிளம்பிக் கன்னியாகுமரி போகிற அந்த வண்டி ஆம்பூர் வழியாகத்தான் போகிறது. நிற்பதில்லை.

எங்கள் பெட்டிக்காரர்கள் வருடம் ஒருமுறை சேர்ந்து சுற்றுலா போவார்கள். எப்போதும் வேலூர்ப் பக்கத்து அமிர்தி அருவிதான், ஷூ கம்பெனி ஃபிட்டர் வேதாசலம் அண்ணன் வேறு இடம் பேச விடமாட்டார். இந்த மே மாதம் ஆபா குறுக்கே நின்றார். காட்பாடியில் விவேக் ஏறி, சேலத்தில் சாப்பிட்டுத் திரும்பலாம் என்றார்.

"சேலத்துல போய் பிரியாணி துன்றதா? ஆம்பூர்க்காரன் பண்ற வேலையா இது?" என்றார் அண்ணன். "ஒரு கேள்வி கேக்கறேன். வாலாஜா வர்றதுக்குள்ள பதில் சொன்னா விவேக்கு. இல்லன்னா அமிர்தி."

"கேளுண்ணே."

"நாட்டுலயே நீளமான பிளாட்பாரம் எது?"

பெட்டியே சிரித்தது. ஆபாவுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? அவர் திருப்பிக் கேட்டார்:

"அகலம் எவ்ளோ?"

"அகலம் எதுக்கு?"

"நீளத்துக்கு மட்டும் ரெக்கார்டு குடுத்துடுவாங்களா? வாலாட்டம் ஒரு தோல நீட்டி, இதான் பெருசுன்னா நீ ஒத்துப்பியா? சதுர அடி சொல்லு."

"இன்னா பானு பேஜாரு பண்ற. பேர மட்டும் சொல்லு."

"அகலத்த சொல்லு, பேர சொல்றேன்."

திருவலம் போனது. முகுந்தராயபுரம் போனது. வாலாஜா ரோடு வந்தேவிட்டது. அன்று ஆபா யாரையும் மரியாதையாக இறங்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பெட்டியில் வரும் ஜோதி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் அக்காவைக் கொடுத்திருப்பது அமிர்திப் பக்கம். "அருவியில சொட்டு தண்ணி இல்லியாம்."

"காட்டையாவது பாத்துட்டு வர்லாம்" என்றார் அண்ணன்.

"இந்த வெயில்லயா? நீ போய்ட்டு வா" என்றது பெட்டி மொத்தமும்.

"சரி, டிக்கெட் போடுங்க" என்று அவர் இறங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஏறினோம். ஜன்னலோர இடம் ஆபாவுக்கு. நாங்கள் தினமும் நிற்கும் ஆம்பூர் பிளாட்பாரம், டீக்கடை, பெஞ்சு எல்லாம் கண் இமைப்பதற்குள் பின்னால் ஓடின.

"பாத்தியா, நம்ம ஊரையே கண்டுக்காம போறோம்" என்று ஆபா சிரித்தார்.

சேலத்தை நம்பாமல் ஆம்பூரிலிருந்தே கட்டிவந்த பிரியாணியைப் பிரித்தபடி வேதாசலம் அண்ணன் கேட்டார்: "அந்தக் கேள்விக்கு நெஜமாவே பதில் தெரியாதா பானு?"

"ஹூப்ளி. சின்னப் புள்ளகூட சொல்லும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அகலம் பாக்காம நான் எதுக்கும் நம்பர் போட்டதில்லண்ணே."