மண்டையோடு இல்லாத புத்தகம்

எங்கள் பக்கத்தில் காளான் மீன் இறைச்சிபோல மச்சமுமில்லை, மரக்கறியுமில்லை. வெள்ளிக்கிழமை ஆகாது, மற்ற நாளில் சட்டிக்குள் போகும். ஐப்பசி மழையோடு இடி முழங்கியதும் வேலியோரப் புற்றுகளைச் சுற்றிக் கிளம்பும். பிடுங்கினால் வேர்போல நீண்ட வால் ஒன்றும் மண்ணுக்குள்ளிருந்து கூடவே வரும். அந்த வால் காளானைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். கலியாணம் கட்டிச் சண்டிலிப்பாய்க்கு வந்தபோது சீதன வீடு கட்டி முடிந்திருக்கவில்லை. ஆகவே மாமா மாமியோடு இருந்தோம். அதே வளவில் இன்னொரு வீட்டில் என் கணவரின் தமக்கை இருந்தாள். எனக்கு மச்சாள் முறை. அவளால்தான் நான் காளான் புத்தகம் வாங்கினேன்.

வந்த வருஷமே அது நடந்தது. பிடுங்கிய காளானைச் சுளகில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது சுளகு நிரம்பிக் கிடந்தது, எல்லாம் அரிந்தபடி.

"காணாது போலை கிடந்துது. நானும் கொஞ்சம் பிடுங்கிப் போட்டனான்" என்றாள் மச்சாள்.

நல்ல மனம் என்று நினைத்தேன். நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! மாமி வழக்கம்போலச் சட்டிக்குள் ஒரு மஞ்சள் துண்டைப் போட்டுப் பார்த்தார். அது கறுக்கவில்லை, ஆகவே நஞ்சில்லை என்று எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். மச்சாளுக்கு மட்டும் அன்று விரதம்.

பொழுதுபட முன்னம் மாமா விழுந்தார். பிறகு இவர், பிறகு மாமி, பிறகு நான். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி. நல்லகாலம், ஒருவரும் சாகவில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து, காளானை ஆர் கொண்டுவந்தது என்று கேட்டார்.

"புதுப் பொம்பிளைதான்" என்றாள் மச்சாள்.

"நீங்களும் போட்டனீங்களல்லோ மச்சாள்?"

"நானோ? அம்மாளாச்சி அறிய நான் சுளகைத் தொடேல்லை!"

கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே சொன்னாள். நான் பாயில் கிடந்தபடி என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். "அக்கா பொய் சொல்லுவாவோ?" என்றார் அவர். வாந்தியைவிட அதுதான் என்னை முறித்தது.

அதற்குப் பிறகு மாமி என்னை அடுப்படிக்குள் விடவில்லை. "பிள்ளை, நீர் வெளிவேலையைப் பாரும்" என்றார். ஒரு வீட்டு மருமகளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? கிணற்றடியில் பெண்கள் என்னைக் காளான்காரி என்று குசுகுசுத்தார்கள். எனக்குப் பதிலாக மச்சாள் வந்து சமைத்ததை நான் தலை குனிந்து தின்றேன். இவளை இவள் வாயாலேயே பிடிக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முன் நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவள். தாய் வீட்டுக்குப் போகிற சாட்டில் பட்டணத்துப் புத்தகக் கடை ஒன்றுக்குள் ஏறினேன்.

"காளானுக்கும் புத்தகமோ தங்கச்சி?" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் தூசி தட்டி இரண்டை எடுத்துப் போட்டார். மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் வரவழைத்துவிட்டு எடுக்காமல் விட்டவையாம்.

ஒன்று பெரியது, பக்கத்துக்குப் பக்கம் வர்ணப்படம். "இதை எடுங்கோ, நல்ல வடிவு" என்றார். வடிவுதான். ஆனால் எனக்குத் தெரிந்த காளானை இந்தப் புத்தகத்துக்குத் தெரியுமா என்று பார்க்கவேண்டாமா? புற்றில் முளைக்கும் வால் காளானைத் தேடினேன். இல்லை. எல்லாம் சீமைக் காட்டுக் காளான். நஞ்சுள்ள படங்களுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன மண்டையோடு போட்டிருந்தது. அதைக் கண்டபோதுதான் எனக்கு யோசனை பிறந்தது. மண்டையோட்டைப் பார்த்தால் இங்கிலீசு எழுத்தறியாத மச்சாளும் உசாராகிவிடுவாளே!

மற்றது இந்தியாவில் அச்சடித்த சின்னப் புத்தகம். வெறும் கறுப்புக் கோட்டுப் படங்கள். அதில் வாலோடு என் காளான் இருந்தது. மச்சாளின் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் புல்லில் விரிகிற பெரிய வெள்ளைக் குடையும் இருந்தது; அவள் அரிந்து போட்டது அதுவாகத்தான் இருக்கும். எது நல்லது, எது நஞ்சு என்பது இங்கிலீசு எழுத்தில் மட்டும். அதையே வாங்கினேன்.

அடுத்த ஐப்பசி வரை பொறுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது, இரண்டு வகையையும் சுளகில் கொண்டுபோய் வைத்துப் புத்தகத்தை விரித்தேன். கூப்பிடாமலே மச்சாளும் வந்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ மாமி, இந்த வெள்ளைக் குடைதான் முதல்தரமாம். வால் உள்ளது ஆகாதாம்" என்றேன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

"பாத்தியளே!" மச்சாள் துள்ளினாள். "போன வருஷம் நான் கொட்டிலுக்குப் பின்னாலை பிடுங்கிப் போட்டது உந்த வெள்ளைக் குடையைத்தான்! இவ கொண்டந்த வால் காளான்தான் எல்லாரையும் விழுத்தினது!"

மாமி மெல்லத் திரும்பினார். "நீ சுளகைத் தொடேல்லை எண்டெல்லோடி சத்தியம் பண்ணினனி?"

நான் புத்தகத்தை இவரிடம் நீட்டினேன். "எனக்கு இங்கிலீசு மறந்துபோச்சு. நீங்கள் வாசியுங்கோ."

கந்தோர் உத்தியோகத்தில் நாள் முழுக்க இங்கிலீசு எழுதுகிறவர், எழுத்துக் கூட்டுகிறவரைப்போல வாசித்தார். வாலுள்ளது உண்ணத்தக்கது. வெள்ளைக் குடை நஞ்சு, கடும் வாந்தி உண்டாக்கும், வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் பச்சைப் பொடி உதிரும். முதல் நாளே நான் ஒரு குடையை வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினேன். பீங்கானெல்லாம் பச்சை.

"இப்ப சொல்லுங்கோ, அக்கா பொய் சொல்லுவாவோ?" என்று இவரைக் கேட்டேன்.

மாமி எழுந்து போய் அடுப்படி வாசலைத் திறந்துவிட்டு விலகி நின்றார். நான் உள்ளே போய் அடுப்பை மூட்டி வால் காளானைத் தேங்காய்ப் பாலும் விட்டுக் காய்ச்சினேன். இலை போட்டதும் முதல் இலையில் மச்சாளைத்தான் இருத்தினேன். அவள் கறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தம்பியும் தாயும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"இண்டைக்கு விரதம் ஒண்டும் இல்லையே, மச்சாள்?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நான் அகப்பையோடு பக்கத்திலேயே நின்று, இலை வெறுமையாகும்வரை பார்த்து, இன்னொருமுறை அள்ளி வைத்தேன்.