நல்லம்மாள் சொன்ன புள்ளத்தாச்சி

நல்லம்மாள் காட்டுப்பன்றியைப் பன்றி என்று சொல்ல மாட்டாள். 'அவ', 'அவன்' என்றுதான் பேசுவாள். தனியாகத் திரியும் கிழட்டு ஆண் அவளுக்கு 'ஒத்தையன்'. கூட்டத்துக்கு முன்னே நடக்கும் பெண் 'ஆத்தா'. உடம்பெல்லாம் கோடு விழுந்த குட்டிகள் 'புள்ளைங்க'. "நேத்து ஆத்தா நாலு பொண்ணுங்களோட வந்து என் மரவள்ளிய முடிச்சுட்டுப் போயிட்டா" என்று அவள் சொன்னால், புதிதாக வந்தவன் ஏதோ ஒரு குடும்பமே திருட வந்ததாக நினைத்துக்கொள்வான். நான் அப்படி நினைத்தவன். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எழுதியும் வைத்துவிட்டேன்.

அது 1926ஆம் வருஷம். டெங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயரைச் சொன்னால் கோபப்பட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. ஆங்கிலம் நன்றாக எழுதுவேன் என்பதால் உலகமே எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி 'யார்' என்பதை நான் 'ஆர்' என்று கேட்டால், கூலிகள் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதில் முதலாவதாகச் சிரித்தவள் நல்லம்மாள்.

அவளுக்கு அப்போது நாற்பதை நெருங்கிய வயது. சேலம் பக்கத்து ஊரிலிருந்து கணவன் சின்னையாவோடு கப்பல் ஏறி வந்தவள். பிள்ளை இல்லை. வந்த இரண்டாம் வருஷம், விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போன சின்னையாவை ஓர் ஒத்தையன் வழியில் மறித்துவிட்டது. ஆண்பன்றி மாடு மாதிரி முட்டித் தள்ளாது. தலையைக் கீழிருந்து மேலே ஒரே வீச்சாக வீசிக் கிழிக்கும். மேல் கோரைப்பல்லில் கீழ்ப்பல் உரசி உரசிக் கத்தியாகவே தீட்டப்பட்டிருக்கும். அது நிற்கும் உயரத்துக்குச் சரியாக மனிதனின் தொடைதான் வரும். சின்னையாவுக்கும் தொடைதான். மாட்டு வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மற்றவர்களாக இருந்தால் அழுது தீர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவள் அழுதாள், பிறகு காட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். "எதால செத்தாருன்னு எனக்குத் தெரியணுமில்லீங்க?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டாள். ஒத்தையன் எங்கே படுக்கிறது என்று கண்டுபிடித்து, பள்ளம் வெட்டி அதைக் கொல்வதுதான் திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கரிந்து கிடக்கும் பெருமரத்தின் மேல் ஏறி அசையாமல் உட்காருவாள். அவற்றுக்குக் கண் மந்தம். மூக்கு மட்டும் பொல்லாதது.

அந்த ஒத்தையன் கடைசிவரை அகப்படவில்லை. ஆனால் பதின்மூன்று வருஷத்தில் அவளுக்குத் தெரியாத பன்றிச் சமாசாரம் இல்லை என்றாகிவிட்டது. ஆண்கள் துணை தேடும் காலத்தில் மட்டும் கூட்டத்தோடு சேருவார்கள், மற்ற நேரம் தனிக்கட்டை. அவர்களுடைய தோளில் தோலுக்கடியில் பலகை மாதிரி ஒரு கெட்டிப்பு உண்டு, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் குண்டுகூடச் சில சமயம் அதில் நின்றுவிடும். குடும்பம் நடத்துவதெல்லாம் பெண்கள். நாலு மாதம் சுமந்து, ஐந்து, ஆறு, நல்ல தீனி கிடைத்தால் எட்டுக்கூடப் போடுவார்கள். மரவள்ளியும் கிழங்குமாகத் தோட்டமே தீனி போடும்போது வருஷத்துக்கு இரண்டு பேறு. "நாமதான் சோறு போட்டு வளக்குறோம், அப்புறம் நாமளே பெருகிப் போச்சுன்னு பொலம்புறோம்" என்பாள். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான், ஆனால் நான் படித்த படிப்பைவிட அது மேல் என்று எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

சம்பவம் ஒரு திங்கட்கிழமை. காட்டோரம் புதிதாக நட்ட பகுதியான புதுக்காட்டில் விரல் பருமனுக்கு வளர்ந்திருந்த ரப்பர் கன்றுகளில் முப்பத்தேழு காணவில்லை. அடிக்குச்சி மட்டும் நிற்கிறது. பக்கத்துப் புதரோரம் ஆள் இடுப்பு உயரத்துக்குக் குச்சிக் குவியல். அந்த இடத்தைத் தாண்டித்தான் லயத்துக் கூலி நாகையா தினமும் ஆற்றுக்குப் போவான். போகும்போது கையில் பாராங் கத்தி இருக்கும், வரும்போது தலையில் விறகு இருக்கும். இதைவிட என்ன வேண்டும்? கங்காணி பக்கிரிசாமி எட்ட நின்று பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"நாகையா வெறகுக்கு வெட்டியிருக்கான் ஐயா. எழுதுங்க."

கங்காணிக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது, அது எனக்குத் தெரியாது. காட்டோர வேலியைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. சரியாக இருக்கிறது என்று போன வாரம்தான் துரையிடம் சொல்லியிருந்தார். பன்றி வந்தது என்றால் வேலி ஓட்டை. வேலி ஓட்டை என்றால் கங்காணி ஓட்டை. ஆகவே பன்றி வந்திருக்க முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது.

நாகையா ஒற்றை வார்த்தையில் இல்லை என்றான். அந்தக் காட்டில் புல் வெட்டுகிறவள் நல்லம்மாள் என்பதால் அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் உள்ளே வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"இது ஆர் செய்த வேலை எண்டு உமக்குத் தெரியுமோ?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெறகுக்காரன் வேலை இல்லீங்க. புள்ளத்தாச்சி வேலை" என்றாள். "நாளு நெருங்கிருச்சு. அதான் ஒடிச்சு ஒடிச்சுச் சேத்து வச்சிருக்கா."

"நீர் கண்ணாலே கண்டனீரோ?"

"பாக்கலீங்க. ஆனா அவளத் தவிர வேற யாரு செய்வா?"

அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நாகையாவைக் காப்பாற்றிவிட்டதாகவே அவளுக்கு நினைப்பு. லயத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கும். பக்கிரிசாமிக்கும் தெரியும். ஆனால் அவர் என் மேசைமேல் குனிந்து, "கேட்டீங்களா ஐயா? நாகையா பொண்டாட்டி தனலெட்சுமிக்கு இது ஒம்பதாம் மாசம்" என்றார்.

யாழ்ப்பாணத்திலும் பிள்ளைத்தாச்சி என்றால் பிள்ளைத்தாச்சிதான். நான் எழுதினேன். அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். 'கன்றுகளை வெட்டியது நாகையாவின் கர்ப்பிணி மனைவி தனலெட்சுமி, புருஷன் உடந்தை, சாட்சி நல்லம்மாள்.' அவள் ஒடித்தாள் என்று சொன்னதை வெட்டினாள் என்று மாற்றியதுகூட எனக்கு உறைக்கவில்லை. துரை கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை காலைக்குள் இருவரும் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

நிறைமாதப் பெண் எங்கே போவாள்? வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளுமா? கிள்ளான் போகிற வழியிலேயே வலி எடுத்தால் என்ன செய்வது? இதெல்லாம் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. சாயங்காலம் லயத்தில் தனலெட்சுமி மண்ணை வாரி நல்லம்மாள் வாசலில் தூற்றியதாகக் கேள்விப்பட்டேன். "பாவம் ஓரிடம் பழி ஓரிடம், நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாளாம். நல்லம்மாளுக்கு அப்போதுதான் நடந்தது விளங்கியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆபீஸ் வாசலில் நின்றாள். சிரிப்பு இல்லை.

"நான் சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு. அந்தப் பொண்ணு எதை வெட்டுனா? நீங்க பாத்தீங்களா? வாங்க, வந்து பாருங்க."

என்னை ஒரு பெண் அப்படி அதட்டியது அதுவே முதல் தடவை. எழுந்து போனேன். சேதி தெரிந்து பக்கிரிசாமியும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

நல்லம்மாள் குவியலுக்கு நாற்பது அடிக்கு முன்பே நின்றாள். குனிந்து ஓர் அடிக்குச்சியைக் காட்டினாள். பாராங் பட்டால் வெட்டு சாய்வாக, வழவழப்பாக இருக்கும். இது நார் நாராகப் பிய்ந்து, ஒரு பக்கத்துப் பட்டை உரிந்து தொங்கியது. பட்டையில் பல் பதிந்த குழி. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் சேறும், கறுப்பாக ஒரு முரட்டு மயிரும்.

"கூட்டத்தை விட்டுத் தனியா வந்து, வாயால ஒடிச்சு, வீடு கட்டியிருக்கா. அடியில குழி, மேல குச்சி. மழை எறங்காது. ராவே பெத்திருப்பா" என்றாள் தணிந்த குரலில். "ஐயா, மொதல்ல அந்தக் கட்டை மேல ஏறி நில்லுங்க. கங்காணி, நீங்களும்."

காடு எரித்த இடத்தில் கிடந்த கரிந்த மரம் அது. காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்து கரியாகுமே என்று நினைத்தேன், ஆனாலும் ஏறினேன். பக்கிரிசாமி ஏறவில்லை.

"பன்னியாவது கின்னியாவது! இருந்தா ஆள் சத்தத்துக்கு இன்னேரம் ஓடியிருக்கும்."

"மத்த நேரம் ஓடுவா. இப்ப ஓட மாட்டா. கிட்டப் போவாதீங்க!"

அவர் போனார். பயத்தை மறைக்க வீராப்புக் காட்டுகிற மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவரும் அதில் ஒருவர். குவியலை ஒரு உதை விட்டார்.

குச்சிகள் மேலே எழும்பியதைத்தான் பார்த்தேன். உறுமல்கூட இல்லை, ஒரு 'ஹூஃப்' என்ற மூச்சு மட்டும். கறுப்பாக ஒன்று வெளியே வந்து அவரைக் காலோடு அடித்து வீழ்த்தியது. பெண்ணுக்கு நீளமான கோரைப்பல் கிடையாது, ஆகவே கிழிக்காது, கடிக்கும். கெண்டைக்காலைக் கவ்வி உலுக்கியது. கங்காணி அலறினார். நான் கட்டைமேல் நின்று அவரைவிடப் பெரிதாக அலறினேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

நல்லம்மாள் ஓடவில்லை. கீழே விழுந்து கிடந்த குடையை எடுத்து, பன்றியின் மூஞ்சிக்கு நேரே நீட்டிப் படாரென்று விரித்தாள். எங்கிருந்தோ முளைத்த கறுப்புச் சுவரைக் கண்டு அது காலை விட்டுவிட்டு ஓர் அடி பின்வாங்கியது. அவள் குடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"போ ஆத்தா, போ. ஒன் புள்ளைங்க குளிருல கெடக்கு. நாங்க ஒண்ணும் செய்யல. போ."

அவள் பேசியது அதற்குப் புரிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் குவியலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பன்றி திரும்பிப் பார்த்தது. உள்ளே போய்விட்டது. குச்சிகளின் சந்தில் கோடு போட்ட முதுகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததைக் கண்டேன். ஆறு எண்ணினேன். நல்லம்மாள் குடையை மடக்காமலே பின்னோக்கி நடந்து, ஒரு கையால் பக்கிரிசாமியை இழுத்துக்கொண்டு வந்தாள்.  தன்னைப் பொய்ச்சாட்சி ஆக்கியவரைத்தான் அவள் காப்பாற்றியிருந்தாள்.  நானாக இருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன்.

அன்று மத்தியானமே துரையிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அறிக்கையில் தனலெட்சுமி பெயரையும் நாகையா பெயரையும் அடித்தேன். 'வெட்டியது' என்பதை 'ஒடித்தது' என்று திருத்தினேன். 'கர்ப்பிணி' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டேன். துரை வாசித்துவிட்டு, அந்தக் கர்ப்பிணியின் பெயர் என்ன என்று கேட்டார். பெயர் தெரியாது, ஆனால் கங்காணியைக் கடித்திருக்கிறாள் என்றேன். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. நாகையா குடும்பம் லயத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் தனலெட்சுமிக்குப் பெண் பிறந்தது. மருந்துத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க முதலில் போனவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கன்று போன கோபம் துரைக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை துப்பாக்கியோடு புதுக்காட்டுக்குப் போனார். குவியல் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பிறந்து நாலே நாளான குட்டிகளைத் தாய் அவ்வளவு சீக்கிரம் நகர்த்தாது என்று நல்லம்மாளே எனக்குச் சொல்லியிருந்தாள், யாராவது திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு கொடுத்தால் ஒழிய. முந்தின நாள் நல்லம்மாள் வேலைக்கு வரவில்லை என்று, நான் ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் சொன்னது.

துரை போன பிறகு அவளிடம் கேட்டேன். "நல்லம்மாள், உம்முடைய புருஷனைக் கொன்ற சாதியல்லோ அது? ஏன் காப்பாத்தினனீர்?"

இந்தத் தடவை என் பேச்சுக்கு அவள் சிரிக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"அவரக் கொன்னது அந்த ஒத்தையன். இவ என்ன செஞ்சா? யாரோ செஞ்சதுக்கு இன்னொருத்தி பேர எழுதுறது ஒங்க ஆபீசு வழக்கம். எனக்கு அது வராதுங்க."

சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போனாள்.